“நல்லாத்தானே தெரியுது!” - கண் டெஸ்ட்டைத் தள்ளிப்போடும் முன் இதைப் படிங்க

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்ன வேலை. உள்ளங்கையைக் குழித்து, அழுத்தாமல், வலது கண்ணை மட்டும் மூடுங்கள். இந்த வரி தெரிகிறதா? இப்போது இடது கண். இரண்டிலும் ஒரே மாதிரி தெரிந்தால் சந்தோஷம். ஒன்றில் மட்டும் எழுத்து கலங்கினால், ‘அட, இது எப்போதிலிருந்து இப்படி?’ என்று யோசிப்பீர்கள். பலருக்கு பதில் தெரியாது. காரணம், நாம் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துப் பழகியதே இல்லை.

இன்னொரு விளையாட்டு. இதற்குப் போனைக் கீழே வைக்க வேண்டும். இரண்டு கைகளையும் நேராக நீட்டி, கட்டை விரல்களை ஒட்டி நிறுத்துங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடது கட்டை விரலையே பாருங்கள். பார்வையை நகர்த்தாமல் வலது கையை மட்டும் மெதுவாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். ஏறக்குறைய முக்கால் சாண் தூரத்தில் வலது கட்டை விரலின் நுனி காணாமல் போகும். இன்னும் நகர்த்தினால் திரும்ப வந்துவிடும்.

இது நோய் இல்லை. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. எல்லோருக்கும், இரண்டு கண்ணிலும், பிறந்ததிலிருந்து அந்தக் குருட்டுப் புள்ளி இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒருநாளாவது உலகத்தில் ஒரு ஓட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றியிருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. அதற்கு மேல் மிச்சமிருந்தால் இன்னொரு கண் பார்த்துக்கொள்கிறது.

சிக்கலே இங்குதான். நோயால் பார்வை போகும்போதும் மூளை இதே வேலையைத்தான் செய்கிறது. வலி இல்லை, கறுப்புத் திரை இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை. ‘நல்லாத்தானே தெரியுது’ என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பாதிப் பார்வையை இழந்திருக்க முடியும். உலகம் முழுக்கக் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருக்கு அதைத் தடுத்திருக்கலாம், அல்லது இன்னும்கூட சரி செய்யலாம்.

முதலில் உங்கள் கண்!

20-களில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் கண்ணைப் பற்றிய முதல் பயம் போன்தான். ‘ஸ்க்ரீன் பார்த்தே கண்ணு போயிடும்’ என்று வீட்டில் திட்டு வாங்காதவர் யார்? கொஞ்சம் ஆறுதலான செய்தி: போன் வெளிச்சம் விழித்திரையை எரித்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நிஜமாக நடப்பது வேறு. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 முறைக்கு மேல் இமைக்கிறோம். ஸ்க்ரீனைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிச்சல், உறுத்தல், சாயங்காலம் ஆனால் மங்கல். ஏ.சி காற்று நேராக முகத்தில் அடித்தால் இன்னும் மோசம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் ஒன்றை, 20 விநாடி பாருங்கள். நினைவு வரும்போதெல்லாம் முழுசாக இமையுங்கள். அவ்வளவுதான்.

‘ப்ளூ லைட் ஃபில்டர்’ கண்ணாடிக்குக் கூடுதலாகப் பணம் கேட்கிறார்களா? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வறிக்கை, அது கண் சோர்வைக் குறைப்பதற்குப் பெரிதாக ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. அந்தக் காசுக்கு ஒரு கண் டாக்டரைப் பார்த்துவிடலாம் என்பது என் கருத்து.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவாதீர்கள், போட்டுக்கொண்டே தூங்காதீர்கள், குளிக்காதீர்கள். தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தின்ன ஆரம்பித்தால் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும்.

ஆனால் போனை விடவும், லென்ஸை விடவும் நான் பயப்படுவது உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும் ஒரு குட்டி பாட்டிலுக்கு. கண் சிவந்தது, அரித்தது. மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ‘கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து குடுங்கண்ணே’ என்றீர்கள். ஒரே நாளில் சரியாகிவிட்டது. அடுத்த முறை அரித்தபோதும் அதே பாட்டில். சூப்பர் மருந்து என்று ரூம்மேட்டுக்கும் சிபாரிசு.

இவ்வளவு சீக்கிரம் வேலை செய்தால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிப்ரெட்னால் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தும் வரும். டாக்டர் கண்காணிப்பில் குறிப்பிட்ட நாள்களுக்கு விட்டால் அருமையான மருந்து அது. நாமே மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால் சிலருக்குக் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறும். ஏறுவது வெளியே தெரியாது. பார்வை நரம்பு மெதுவாகச் சாகும். கூடவே சின்ன வயதிலேயே கண்புரையும் வரும். அலர்ஜியால் வருஷா வருஷம் கண் அரிக்கும் பள்ளிப் பையன்களுக்கு இது நடக்கிறது. சாதாரண அரிப்புக்கு மருந்து விட்டு, கடைசியில் குளுக்கோமாவோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். போன நரம்பு திரும்ப வராது.

இதில் இன்னொரு ஆபத்து, நம் ஊர் வயல்களில் இருக்கிறது. கதிர் அறுக்கும்போது நெல் தூசியோ, முள்ளோ, ஓலையோ கண்ணில் கீறிவிட்டால் கருவிழியில் பூஞ்சைத் தொற்று வரலாம். அந்தப் புண் மேல் ஸ்டீராய்டு விட்டால் நெருப்பில் நெய் விட்ட மாதிரி. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எல்லாம் அதே ரகம்தான். ‘மெட்ராஸ் ஐ’ வந்தால்கூட பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், தானாகவே ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். கை கழுவி, டவலைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். வலி அதிகமாக இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பார்க்கவே முடியாவிட்டாலோ டாக்டர். மெடிக்கல் ஷாப் இல்லை.

அரித்தால் கசக்குவதையும் விடுங்கள். தொடர்ந்து கசக்குபவர்களுக்குக் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளும் கெரட்டோகோனஸ் வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் டீன் ஏஜில் ஆரம்பிக்கும். கண்ணாடி பவர் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

குட்டீஸ் சொல்ல மாட்டாங்க!

நான்கு வயதுக் குழந்தை ‘எனக்கு ஒரு கண்ணு சரியா தெரியலம்மா’ என்று வந்து சொல்லாது. உலகமே இப்படித்தான் இருக்கும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால், மங்கலாக வரும் அந்தப் படத்தை மூளை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் பயன்படுத்தும். பயன்படுத்தாத கண், கண்ணாக நன்றாக இருந்தும், பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே போய்விடும். இதுதான் சோம்பேறிக் கண். 7, 8 வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, பலவீனமான கண்ணை வேலை வாங்கி மீட்டுவிடலாம். வயது ஏற ஏற அந்த வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகும். ஸ்கூலில் சேர்க்கும் முன் ஒருமுறை கண் பரிசோதனை என்று மருத்துவர்கள் கெஞ்சுவது இதற்காகத்தான். மாறுகண்ணை ‘அதிர்ஷ்டம்’ என்று வீட்டில் பாட்டி சொன்னால், பாட்டியை மதிப்போம், குழந்தையை டாக்டரிடம் காட்டுவோம்.

அக்கா குழந்தையையோ, நண்பரின் குழந்தையையோ ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுக்கிறீர்களா? இரண்டு கண்ணும் சிவப்பாக மின்னினால் கவலையில்லை. ஒரு கண் மட்டும் வெள்ளையாக, பூனைக்கண் மாதிரி மின்னினால் அதை எடிட் செய்து சரி பண்ணாதீர்கள். கோணத்தால்கூட அப்படி விழலாம், உண்மைதான். ஆனால் பிறவிக் கண்புரையாகவோ, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவோ இருந்தால், அந்த போட்டோதான் முதல் எச்சரிக்கை. சீக்கிரம் போனால் உயிரையும், பல நேரம் கண்ணையும் காப்பாற்ற முடியும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை இருக்கும் வீடு என்றால் இன்னும் அவசரம். 34 வாரங்களுக்கு முன்பே பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரும் ஆபத்து உண்டு. பிறந்து 30 நாள்களுக்குள் முதல் விழித்திரைப் பரிசோதனை நடந்துவிட வேண்டும். குழந்தை இன்குபேட்டரில் இருந்து தப்பித்து வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் இந்தத் தேதியை மறந்துவிடுபவர்கள் உண்டு. போன் காலண்டரில் போட்டு வையுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை. 2050-ல் உலகில் பாதிப் பேருக்கு இது இருக்கலாம் என்று 2016-ல் வெளியான ஒரு கணிப்பு சொன்னது. வெறும் கண்ணாடி விவகாரம் இல்லை இது. பவர் மிக அதிகமானால் கண் உருண்டையே நீள்கிறது, விழித்திரை இழுபட்டு மெலிகிறது, பின்னாளில் கிழியலாம். தடுக்க இருக்கும் சுலபமான வழி, வெயில்! வெளியே பகல் வெளிச்சம் 10,000 லக்ஸுக்கு மேல், வீட்டுக்குள் சில நூறு லக்ஸ்தான். தைவானில் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளை தினமும் இரண்டு மணி நேரம் வெளியே அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாடு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. கிரிக்கெட்டோ, நொண்டியோ, சும்மா நின்று அரட்டை அடிப்பதோ, வெளியே இருந்தால் சரி.

‘கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்’ என்பது பொய். ‘பொண்ணுக்குக் கண்ணாடி போட்டா மாப்பிள்ளை கிடைக்காது’ என்று பவரை மறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைப் பற்றி என்ன சொல்ல! கேரட், முருங்கைக்கீரை, பப்பாளி பற்றியும் ஒரு வரி: வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கருவிழியே கரையும். அதனால் குழந்தைகளுக்கு 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை அரசே கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிடக் கூடாது. ஆனால் கிலோ கணக்கில் கேரட் தின்றாலும் கண்ணாடி பவர் குறையாது.

அப்பாவுக்கு 40 தாண்டிடுச்சா?

40 வயதைத் தொட்டதும் செய்தித்தாளை எட்டப் பிடித்துப் படிக்கத் தொடங்குவார்கள். வெள்ளெழுத்து. கண்ணாடிக் கடைக்குப் போவார்கள், கம்ப்யூட்டரில் பவர் பார்ப்பார்கள், கண்ணாடி வாங்குவார்கள். ‘கண் டெஸ்ட் பண்ணிட்டேன்’ என்று வீட்டில் சொல்வார்கள். இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் ஏமாறுகின்றன. அந்த மெஷின் பார்த்தது பவரை மட்டும். கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு, பார்வை நரம்பு எப்படி இருக்கிறது, விழித்திரையில் ரத்தக் கசிவு உண்டா என்று அது பார்க்கவில்லை.

குளுக்கோமா அப்படித் தப்பிவிடும் நோய். பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாகப் போகும். முதலில் ஓரப் பார்வை குறையும், நடுப்பார்வை கடைசி வரை ஜம்மென்று இருக்கும். டாக்டர் சுவரில் வைக்கும் எழுத்துப் பலகையில் கடைசி வரியையும் படித்துவிடுவார். பைக் ஓட்டும்போது பக்கவாட்டில் வந்த ஆட்டோவைக் கவனிக்காமல் விடுவார், மாடிப்படி விளிம்பில் தடுக்குவார். ‘வயசாயிடுச்சு, கவனமில்ல’ என்று நாம் திட்டுவோம். தமிழ்நாட்டில் மக்களிடையே நடத்திய ஆய்வுகளில் குளுக்கோமா கண்டறியப்பட்டவர்களில் 10-ல் 9 பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே அதற்கு முன்பு தெரியாது. போன பார்வையை எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் மூலம் காப்பாற்றலாம். தாத்தாவுக்கு இருந்திருந்தால் அப்பாவுக்கும், அப்பாவுக்கு இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வீட்டில் 40 வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்து சர்க்கரை. சுகர் இருக்கிறது என்று தெரிந்த அன்றே விழித்திரையைப் பார்க்க வேண்டும். டைப் 2 சர்க்கரை நோய் பல வருஷம் ஒளிந்திருந்துதான் வெளியே வருகிறது, அதற்குள் கண்ணில் வேலையை ஆரம்பித்திருக்கலாம். அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. ஏற்கெனவே சுகர் உள்ள பெண்கள் கர்ப்பமானால் இன்னும் அடிக்கடி. விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் வீங்கி, கசிந்து, உடைகிற வரைக்கும் பார்வை தெளிவாகவே இருக்கும். ஒருநாள் காலையில் கண்ணுக்குள் மை கொட்டிய மாதிரி இருக்கும். அது ரத்தம். அந்த நாளுக்கு முன்பே பிடித்தால் லேசரோ ஊசியோ போதும். பி.பி, கொழுப்பு, சிகரெட் மூன்றும் இதே நோய்க்கு எண்ணெய் ஊற்றுபவை.

தாத்தா, பாட்டிக்குக் கண்புரை என்றால் ‘நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்’ என்பார்கள். ஒருகாலத்துப் பேச்சு அது. இன்று முத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் ஆனாலே எடுத்துவிடலாம். ரொம்ப முத்திவிட்டால் லென்ஸ் கல் மாதிரி இறுகி ஆபரேஷன் கஷ்டமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் எகிறும். சொட்டு மருந்தில் புரை கரையும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அவர்களை ஜன்னல் கம்பிகளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். நேரான கம்பி வளைந்தோ, நடுவில் அழிந்தோ தெரிந்தால் அது விழித்திரை மையத்தின் பிரச்னை, அந்த வாரமே காட்ட வேண்டும்.

காசுதான் தடை என்றால், அதற்கு நம் ஊரில் வழி இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, உலகின் மிகப் பழைமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, இலவச சிகிச்சைக்கு உலகமே எடுத்துக்காட்டும் இடமாகிவிட்டது. அரசு மருத்துவமனைகளிலும், கண் முகாம்களிலும் கண்புரை ஆபரேஷன் லென்ஸோடு இலவசம்.

நேரம் பார்க்காமல் ஓட வேண்டியவை

திடீரென்று மின்னல் மாதிரி வெளிச்சம், கொசுக்கூட்டம் மாதிரி கறுப்புப் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது - விழித்திரை கிழிந்து பிரிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டர். கடுமையான கண்வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே வாந்தி என்றால் கண் அழுத்தம் திடீரென்று எகிறியிருக்கலாம். ஒற்றைத் தலைவலி, பித்தம் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்தி, அது கண்ணில் தெறித்தால்? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் குழாயைத் திறங்கள். கண்ணை விரித்துப் பிடித்து குறைந்தது 15, 20 நிமிடம் நல்ல தண்ணீர் ஓடட்டும். சுண்ணாம்பு ஆசிட்டை விட ஆழமாக அரிக்கும், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பிறகு மருத்துவமனை, இமைக்கடியில் ஒட்டியிருக்கும் துகளை அவர்கள்தான் எடுக்க வேண்டும். பட்டாசோ, கம்பியோ குத்திக் கிழித்த காயம் என்றால் நேர் எதிர்: கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஓடுங்கள்.

மற்றபடி, நோய் எதுவும் இல்லாதவர்கள் 20-களில் ஒருமுறை, 30-களில் இருமுறை, 40-ல் கட்டாயம் ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அப்புறம் டாக்டர் சொல்லும் இடைவெளியில். போனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘பிரஷர் பார்த்தீங்களா? மருந்து விட்டு உள்ளே நரம்பு, விழித்திரை பார்த்தீங்களா?’

பெரியவர்கள் கண் ஆஸ்பத்திரியைத் தவிர்க்க உண்மையான காரணம் பெரும்பாலும் அந்த மருந்துதான். பாப்பாவை விரிக்க விடும் சொட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைக்கும். அதன் பிறகு நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயில் கூசும். வண்டி ஓட்டக் கூடாது. அதனால் அப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள். ஒரு சனிக்கிழமை லீவ் போட்டுக் கூடவே போங்கள். கூலிங் கிளாஸ், பழைய கண்ணாடி, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெயிட்டிங் ஹாலில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அடுத்த கவுன்டரில் உங்களுக்கும் ஒரு டோக்கன் போட்டுவிடலாம். உங்களுக்கும் மருந்து விடுவார்கள் என்றால், திரும்பிவர ஆட்டோதான்.